சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்

கோயமுத்தூரில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர்கூட இல்லாமல் போன ஒரு பகலை நான் பார்த்திருக்கிறேன். ஊர் முழுவதும் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் நடந்தது. அதை நினைத்து இன்றும் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு இருமல் சத்தம் கேட்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முப்பதுகளின் முற்பகுதி அது. பஞ்சு விலை விழுந்துவிட்டது என்று ஊரே புலம்பியது. ஆனால் புலம்பியவர்களே ஆளுக்கொரு பக்கம் மில்லுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மில் சங்கு கூடக் கூட ஊரும் பெருத்தது. பல்லடத்துப் பக்கம் மழை பொய்த்தால் எங்கள் ஊரில் வீட்டு வாடகை ஏறும். பாலக்காட்டுப் பக்கம் பசி வந்தால் எங்கள் ஊரில் டீக்கடை முளைக்கும். நான் பி.ஏ. படித்து முடித்துவிட்டு, படித்ததற்கு ஏற்ற வேலையும் படிக்காதவன் செய்யும் வேலையும் இரண்டுமே கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உக்கடம் குளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் பின் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. எங்கள் தெருவில் காடு தோட்டம் உள்ள குடியானவக் குடும்பங்கள். பஞ்சு வியாபாரத்துக்கென்றும் பிள்ளைகள் படிப்புக்கென்றும் ஊரை விட்டு வந்து மாடி வீடு கட்டியவர்கள். பின் தெருவில் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள். தகரப் பட்டறை வைத்தவர்கள், ஜவுளி மூட்டை தூக்கிப் போய் விற்பவர்கள். நடு நடுவே கன்னடம் பேசும் நெசவாளர்கள், தெலுங்கு பேசும் மில் தொழிலாளர்கள். இரண்டு தெருவுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் குளக்கரை வழியாக நடந்து, அக்கரையிலிருக்கும் கிணற்றுக்குப் போக வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் வண்டித் தண்ணீர் வாங்கிக்கொள்வார்கள். பின் தெருக்காரர்கள் நடந்தார்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர், பின் தெருவில் இடியாப்பம் சுட்டு விற்ற ஓர் அக்கா. அவர் கணவர் இலங்கைக்குப் போனவர். பெருநாளுக்குக் கடிதம் வரும், ஆள் வரமாட்டார். அக்காவுக்கு இடது கால் சற்று இழுக்கும். உப்புத் தண்ணீரில் மாவு பிசைந்தால் இடியாப்ப நூல் அறுந்து அறுந்து விழும். அதனால் தினமும் விடியுமுன் அந்தக் காலை இழுத்துக்கொண்டு குளக்கரையில் இரண்டு குடத்துக்கு நடப்பார். மழைக்காலத்தில் கரை வழுக்கும். நான் காலையில் 'கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவர் வீட்டு ஜன்னலில் நின்று தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு வருவேன். எங்கள் வீட்டில் தெரிந்தால் எனக்குத் தனித் தட்டு வைத்திருப்பார்கள். அக்காவுக்கும் அது தெரியும். "காத்து இன்னிக்கி ரெண்டு போதுமா தம்பி, இன்னொண்ணு வெக்கட்டுமா?" என்று கேட்பார்.

மலைத் தண்ணீர் குழாய் வழியாக ஊருக்குள் வந்த புதிது. எங்கள் பக்கத்துக்கு இப்போதைக்கு ஒரே ஒரு தெருக்குழாய் என்று முனிசிபாலிட்டியில் சொன்னார்கள். ஆள் அதிகமாகவும் வருமானம் குறைவாகவும் உள்ள தெருவுக்குத்தான் முதலில். போட்டியில் மூன்று தெருக்கள் இருந்தன: எங்களுடையது, பின் தெரு, பஞ்சுப்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லைன் வீட்டுத் தெரு. வீடு வீடாகப் போய் ஆளையும் வருமானத்தையும் கேட்டு எழுத, படித்த பையன்கள் வேண்டும் என்றார்கள். சம்பளம் இல்லை, ஆனால் பின்னால் ஒரு குமாஸ்தா வேலைக்கு வழி பிறக்கலாம் என்று என் அப்பா என்னைத் தள்ளிவிட்டார். எங்கள் தெருவும் பின் தெருவும் என் பங்குக்கு வந்தன.

இந்தச் செய்தி அக்காவுக்குத் தெரிந்த அன்று அவர் எனக்குக் காசு வாங்கவில்லை. "கொழா மட்டும் நம்ம தெரு முக்குல வந்துருச்சுன்னா தம்பி, நான் ரெண்டு ஈடு எச்சாப் பிழிஞ்சிருவேன். இந்தக் காலும் கொஞ்ச நாளு எங்கூட இருக்கும்" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கு அது அப்போதே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

முதலில் எங்கள் தெருவில் எழுதினேன். மனிதனுடைய வருமானம் அவன் வீட்டு வாசலில் எவ்வளவு சுருங்கும் என்பதை அன்றுதான் கண்டேன். பருத்தி அரைக்கும் ஆலை வைத்திருந்த எங்கள் எதிர் வீட்டு மாமா, நான் படியேறும்போதே காதிலிருந்த வைரக் கடுக்கனைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

"வருமானம் எவ்வளவுன்னு எழுதட்டுங்க மாமா?"

"என்னத்தைக் கண்ணு எழுதறது? கம்மங்கூழு குடிச்சிட்டுக் கெடக்கறோம்."

உள்ளேயிருந்து நெய் காய்ச்சும் வாசம் தெரு வரைக்கும் வந்தது. "வாசம் அடிக்குதுங்களே மாமா" என்றேன்.

"அது பக்கத்து ஊடு" என்றார். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நான் கம்மங்கூழ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அதற்கேற்ற தொகையை எழுதினேன். இப்படியே எங்கள் தெரு முழுவதும் ஏழையாகிவிட்டது. ஆனால் ஏழை போதாது, ஆள் வேண்டுமே. மாடி வீடுகளில் ஆளைவிட அறைகள் அதிகம். பாதிப் பேர் எந்நேரமும் தோட்டத்தில் இருப்பார்கள்.

பின் தெருவில் இதற்கு நேர் எதிர். அங்கே வசதி இல்லாதவர்கள்தான் வசதி இருப்பதாகச் சொன்னார்கள். அக்காவிடம் வருமானம் கேட்டேன். அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "நல்லா எழுதிக்கங்க தம்பி. ஆம்பளை இல்லாத ஊடுன்னு யாரும் எளக்காரமாப் பேசக் கூடாது. ஆண்டவன் கொறை வெக்கலை" என்று ஒரு தொகை சொன்னார். எதிர் வீட்டு மாமாவுக்கு நான் எழுதியதைவிட அது அதிகம். சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே எழுதினேன். 'அக்கா, குறைவாகச் சொன்னால்தான் உங்களுக்கு நல்லது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தெருவுக்கு அந்த விஷயம் என் அப்பா மூலம் தெரிந்திருந்தது. அவர் தெருவுக்குச் சொல்ல ஆள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

ஆள் எண்ணிக்கையில்தான் என் பெரிய கைவரிசை. பகல் நேரத்தில் பின் தெரு ஆண்கள் பட்டறைக்கும் வியாபாரத்துக்கும் போய்விடுவார்கள். வாசலில் சாக்குத் திரை தொங்கும். அந்நிய ஆண்பிள்ளை வந்து நின்றால் உள்ளே பேச்சு நின்றுவிடும், வளையல்கூட ஆடாது. அக்காவுக்கு இது தெரியும். "ஆம்பளைங்க இல்லாத ஊட்டுக்கு நானும் கூட வாரேன் தம்பி. உள்ள போயி கேட்டு வந்து சொல்றேன்" என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு எதுக்குங்க அக்கா சிரமம்? நானே பாத்துக்கறேன்" என்றேன்.

முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா, "அந்தத் தெருவுல ரொம்ப நோண்டிக் கேக்காத. கேட்ட சத்தத்துக்கு எழுது, போதும்" என்று சொல்லியிருந்தார். நான் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சாக்குத் திரை முன்னாலும் நின்று, "ஏனுங்க, ஊட்ல யாருங்க?" என்று ஒரு முறை, அதுவும் சாமி கும்பிடுகிற குரலில், மெதுவாகக் கேட்பேன். சத்தம் வராது. வேலைக்குப் போயிருக்கும் ஆண்பிள்ளையை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த திரைக்கு நகர்வேன். ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழுதது. அதைச் சேர்த்துக்கொண்டேன். குழந்தை இருந்தால் தாய் இருப்பாள் என்று பி.ஏ. படித்தவனுக்குத் தோன்றாமல் போகுமா? தோன்றியது. எழுதவில்லை.

இதற்குள் எங்கள் தெருவில் ஆள் பிடிக்கும் யோசனை நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வை அதிகாரி ஒருவர் ஒரு குறிப்பிட்ட நாளில் வந்து ஆட்களை நேரில் பார்த்துச் சரி பார்ப்பார் என்று தெரிந்ததும் என் அப்பா தொடையைத் தட்டினார்.

"அன்னிக்கி தெருவுல ஆளு இருக்கோணும். அவ்வளவுதானே? ஒரு காதுகுத்துச் சீர் வெச்சுப்போட்டா பொள்ளாச்சியிலிருந்து பல்லடம் வரைக்கும் அத்தனை சனமும் வந்து எறங்கீரும்."

"யாருக்குங்க காது குத்தறது?" என்றார் எதிர் வீட்டு மாமா. தெருவில் காது குத்தாத பிள்ளை ஒன்றும் இல்லை. பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவுக்கு கைக்குழந்தையாக ஒரு மகன் இருந்தான். அவனை வரவழைத்தார்கள். நான் தாய்மாமன், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனவே தெருவை எண்ணியவனும் நான், எண்ணிக்கையைக் கூட்டும் விசேஷத்துக்கு மடி கொடுத்தவனும் நானே.

உறவினர்கள் வண்டி கட்டி வந்து சேர்ந்தார்கள். வந்து இறங்கியதும் ஆரம்பித்தது முணுமுணுப்பு. "ஏனுங்க, கொலசாமி கோயில்ல குத்தறதை உட்டுப்போட்டு டவுன்ல குத்தறீங்க? சாமிக்கு வெலாசம் தெரியுமுங்களா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். "இப்ப ஒரு காதுங்க, கோயில்ல ஒரு காதுங்க" என்று அப்பா சமாளித்தார்.

பந்தலில் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் அதிகாரி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்; தலைப்பாகைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து அசந்து போனார். அப்பாவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. அதிகாரி மரியாதையாக முன்வரிசையிலிருந்து தொடங்கினார். எதிர் வீட்டு மாமாவிடம் கேட்டார்: "நீங்க இந்தத் தெருவிலயே குடியிருக்கிறவர்தானே?"

மாமா வாயைத் திறந்தார். அதற்குள் பின்வரிசையில் அவருடைய பங்காளி ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

எங்கள் யோசனையில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஊர்க் கோயிலில் காணி உரிமை உண்டு. பொங்கலுக்கு முதல் மரியாதை யாருக்கு என்பதில் பங்காளிகளுக்குள் தலைமுறை தலைமுறையாக இழுபறி. டவுனில் குடியிருப்பவன் என்று ஒருவன் தன் வாயால் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டால், 'நீதான் டவுன்காரன் ஆயிட்டியே, உனக்கு எதுக்கப்பா பரிவட்டம்?' என்று அடுத்த திருவிழாவிலேயே கேட்டுவிடுவார்கள். அப்படிக் கேட்கக்கூடிய பங்காளிகள் அத்தனை பேரையும் வண்டி வாடகை கொடுத்து வரவழைத்து, சாட்சிக்கு முன்வரிசைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம்.

"இல்லீங்க" என்றார் மாமா. "நான் சும்மா வந்து போறவனுங்க."

"இந்த மாடி வீடு உங்களுடையது இல்லையா?"

"ஆமாங்க. வந்தா தங்கறதுக்குங்க."

"எத்தனை வருஷமா வந்து போறீங்க?"

மாமா கூசாமல் சொன்னார்: "பதினஞ்சு வருசமா வந்து போயிட்டிருக்கேனுங்க. போறதுக்குத்தான் இன்னும் நேரம் வாய்க்கலீங்க."

அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோரும் அதே பாட்டு. தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒருவன், அவனுக்கு மாட்டையும் எருமையையும் பிரித்துச் சொல்லத் தெரியாது, அவனும் நெஞ்சை நிமிர்த்தி, "நமக்குக் காங்கயம் பக்கமுங்க" என்றான். அதிகாரி கடைசியாக என் அப்பாவிடம் வந்தார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். "நாங்களும் ஊருதானுங்க" என்றார் அப்பா, பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு.

"அப்படின்னா இந்தத் தெருவில யார்தான் இருக்கா?" என்று அதிகாரி கத்திவிட்டார்.

தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த பாலக்காட்டுக்காரர் மட்டும், பந்தலுக்கு வெளியே நின்று, "ஞான் இவிடெத்தன்னெ சாரே" என்று, தான் இங்கேயேதான் என்பதுபோல் கையைத் தூக்கினார். அவர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்குக் கோயில் மரியாதையில் ஆசை இல்லை. வேடிக்கை உச்சிக்கு ஏறியிருந்தது. "நான் இந்தத் தெருவிலதானுங்க குடியிருக்கேன்" என்றேன். அதே நேரத்தில் ஆசாரி ஊசியை இறக்க, பிள்ளை வீறிட, அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தத் தெருவில் இன்னும் எத்தனை நாள் குடியிருப்பேன் என்பது சந்தேகமாகிவிட்டது. அமளியில் இன்னொரு காதைக் குத்தவே இல்லை. பிறகு உண்மையாகவே குலசாமி கோயிலில்தான் குத்தினார்கள். அந்தப் பிள்ளை இப்போது பேரன் எடுத்துவிட்டான். இரண்டு கடுக்கனும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை.

அதிகாரி எங்கள் தெருவைக் கோடு போட்டு அடித்தார். அடுத்துப் பின் தெரு. அவர் எழுந்து அங்கே போயிருக்க வேண்டும். வெயிலும் வெறுப்புமாக அவர் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு, "பின் தெருவுக்கு நீ எழுதினது எல்லாம் சரிதானே? இங்க உண்மை பேசினவன் நீ ஒருத்தன்தான். உன்னை நம்பி கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

என் மடியில் ரத்தம் துளிர்த்த காதோடு ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. எதிர்ப்புறம் பந்தல் கால்களுக்கு நடுவே, பின் தெருவுக்குப் போகும் சந்து தெரிந்தது. "சரிதானுங்க" என்றேன்.

நான் அன்று சொன்ன ஒரே உண்மையை வைத்து ஒரு பொய்யைக் கரையேற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால், எங்கள் தெருவின் மானம் போனதில் அப்பாவுக்கு முன்னால் எனக்கு நடுக்கம் இருந்தது. பின் தெருவையும் சரியாக எழுதியிருந்தால் குழாய் அங்கே போயிருக்கும், அந்தப் பழியும் என் தலையில் விழுந்திருக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இல்லை. பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இத்தனை நாள் உறுத்தியிருக்காது.

குழாய் பஞ்சுப்பேட்டைத் தெருவுக்குப் போயிற்று. பின் தெருவில் ஆள் குறைவு, வருமானமும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் சில நாள் காற்று வாங்கப் போகவில்லை. பிறகு பசி வென்றது. ஜன்னலில் போய் நின்றேன். அக்கா வழக்கம்போல இடியாப்பம் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றினார். குடங்கள் இரண்டும் வாசலில் சொட்டிக்கொண்டிருந்தன.

"நம்ம தெருவுல ஆளே இல்லையாமே தம்பி?" என்றார் சிரித்துக்கொண்டே.

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சத்தம் கேக்கலைங்க அக்கா. உள்ள யாரு இருக்காங்கன்னு..." என்று இழுத்தேன்.

"அட, நீங்க கேட்டிருந்தா நாங்க ஒவ்வொருத்தரும் இருமியாச்சும் காட்டியிருப்போமே."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பி ஏதோ ஜாடை காட்டியிருக்க வேண்டும். சாக்குத் திரைக்குப் பின்னால் ஒரு கிழவியின் இருமல் கேட்டது. அடுத்து ஓர் இளம் பெண்ணின் இருமல். அப்புறம் வேண்டுமென்றே இழுத்து இழுத்து ஒன்று. பக்கத்து வீட்டுத் திரையிலிருந்து ஒன்று. அதற்கடுத்த வீட்டிலிருந்து இரண்டு சேர்ந்து. தெரு நெடுகப் போய்த் திரும்பி வந்தது இருமல். கடைசியில் எல்லாத் திரைக்கும் பின்னால் அடக்க முடியாத சிரிப்பு.

"எண்ணிக்கிட்டீங்களா தம்பி? இன்னொரு சுத்து வேணுமா?" என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். முனிசிபல் அலுவலகம் அன்று திறந்திருந்தது. அதிகாரியும் ஊரை விட்டுப் போகவில்லை. போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

அக்கா குளக்கரையில் நடந்துகொண்டே இருந்தார். ஒரு ஐப்பசி மழையில் குடத்தோடு வழுக்கி விழுந்தார். குடம் நசுங்கியது, கால் அதற்குப் பிறகு சரியாகவில்லை. சில வருஷம் கழித்துப் பின் தெரு முனைக்குக் குழாய் வந்தபோது, வேறு யாரோ ஒருவர் அக்காவையே கூட அழைத்துக்கொண்டு போய்த் திரை திரையாகக் கேட்டு எழுதியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். தண்ணீர் திறந்த அன்று போனேன். தெருப் பெண்கள் விடிகாலையிலேயே வரிசையாக நின்றிருந்தார்கள். அக்கா வாசலில் முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதற்குள் மகனுக்குக் கட்டி வந்திருந்த மருமகள் குழாயிலிருந்து குடத்தைக் கொண்டு வந்து அவர் பக்கத்தில் இறக்கினாள்.

அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார். "இனிப்பாத்தான் இருக்குது தம்பி" என்றார். பிறகு காலைத் தட்டிக் காட்டி, "இதுக்குத்தான் கொஞ்சம் அவசரம். தண்ணி வர்ற வரைக்கும் பொறுக்கலை" என்று சொல்லிவிட்டு, என் முகம் போன போக்கைப் பார்த்து, மெல்ல ஒரு முறை இருமிக் காட்டினார்.